பிளேட்டில் பச்சை, குழாயில் பிசுக்கு, சிப்பில் இருட்டு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் மூன்று மேசை. சன்னலோர மேசையில் பூஞ்சை வளர்க்கிறார்கள். நடுமேசையில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெம்பரேன்களைச் சோதிக்கிறார்கள். கதவுப் பக்கம் கறுப்புத் திரை போட்ட மேசையில், நகத்தளவு சிப் ஒன்றில், முடியைவிடப் பல மடங்கு மெல்லிய அலைநடத்திகள் (ஒளி ஓடும் தடங்கள்) வழியே லேசர் ஒளியை ஓட்டுகிறார்கள். தண்ணீரில் பூஞ்சை வித்து கலந்திருந்தால் அந்த ஒளி காட்டிக்கொடுக்க வேண்டும், திட்டம் அவ்வளவுதான். மூன்று மேசைக்கும் பொதுவான ஆள் நான். ஆட்டோகிளேவ் (நீராவியில் கிருமி நீக்கும் கலம்) கத்தினாலும் "அண்ணே", ஃபைபர் (சிப்புக்கு ஒளி கொண்டுவரும் இழை) ஒடிந்தாலும் "அண்ணே".

கோளாறு வந்தால் பூஞ்சைக்காரர் மீடியாவை (பிளேட்டில் பூஞ்சைக்கு ஊற்றும் ஊட்டக் கூழை) திட்டுவார், தண்ணீர்க்காரர் கார்ட்ரிட்ஜைத் திட்டுவார், ஒளிக்காரர் லேசரைத் திட்டுவார். பாதி நேரம் காரணம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் இதைக் கருவி வாரியாக எழுதாமல், கண்ணுக்குத் தெரியும் அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் அறிகுறி எங்கே இருக்கிறதோ அங்கே நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் நான்கு வெறும் சோதனை

எதையும் கழற்றுவதற்கு முன், எதையும் ஆர்டர் போடுவதற்கு முன், இந்த நான்கையும் ஒரே நாளில் தொடங்குங்கள்.

1. தடவாத பிளேட். சந்தேகப்படும் பாட்டிலிலிருந்து ஊற்றிய இரண்டு பிளேட்டைத் திறக்காமலே 28 டிகிரியில் மூன்று நாள் வையுங்கள். இதில் ஏதாவது முளைத்தால் உங்கள் கைத்திறனைப் பற்றிக் கவலை வேண்டாம், மீடியாவோ ஊற்றிய விதமோதான் காரணம்.

2. திறந்த பிளேட். ஒன்றை வடிகட்டிய காற்று வீசும் ஹூட்டுக்குள், ஒன்றை வெளி மேசைமேல், அரை மணி நேரம் மூடியை எடுத்துவிட்டுப் பிறகு மூடுங்கள். மேசைப் பிளேட்டில் ஏதாவது வந்தே தீரும், இது சிங்கப்பூர். ஹூட் பிளேட்டில் ஒன்றுமே வரக்கூடாது.

3. தண்ணீர்ப் பிளேட். 100 மில்லி தண்ணீரை 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, அந்தத் தாளை அப்படியே ஆர்2ஏ அகார்மேல் வைத்து 5 முதல் 7 நாள் காத்திருங்கள். ஊட்டம் நிறைந்த மீடியாவில் போட்டு ஒரே நாளில் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று சொல்லாதீர்கள். சுத்தநீரில் வாழ்பவை பட்டினியில் பழகியவை, அவற்றுக்கு விருந்து ஒத்துக்கொள்ளாது. ஆர்2ஏ சத்துக் குறைந்த சமையல். பிளேட்டில் தடவவும் சிப்பில் ஊற்றவும் எங்கே பிடிப்பீர்களோ, அதே குழாய் நுனியில், அதே மாதிரி பிடித்த தண்ணீராக அது இருக்க வேண்டும்.

4. வெறும் சிப். தண்ணீர் ஊற்றாமல், சென்சார் வளையம் இல்லாத நேர் அலைநடத்தியில் ஒளியை ஓட்டி, மறுபக்கம் வரும் சக்தியைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். நல்லா ஓடுகிற நாளில் எழுதிவைக்காதவர்களுக்கு ஓடாத நாளில் ஒப்பிட எதுவும் இருக்காது.

பிளேட்டில் வேண்டாத காலனி

நிறத்தைப் பார்த்துப் பெயர் கண்டுபிடிக்க எல்லாருக்கும் ஆசை. பச்சை என்றால் டிரைக்கோடெர்மாவா பெனிசிலியமா, கறுப்பு என்றால் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகரா என்று மைக்ராஸ்கோப்பைத் தேடி ஓடுவார்கள். அதைவிட முதலில் பார்க்க வேண்டியது காலனி எங்கே இருக்கிறது என்பது. பிளேட்டை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துச் சாய்த்துப் பாருங்கள்.

அகாருக்கு உள்ளே புதைந்த மாதிரி காலனி இருந்தால் அது ஊற்றுவதற்கு முன்பே பாட்டிலுக்குள் இருந்தது. ஆட்டோகிளேவைப் பாருங்கள். 121 டிகிரி, 15 நிமிடம் என்பது தண்ணீர் அந்த வெப்பத்தை எட்டிய பிறகான கணக்கு. 2 லிட்டர் பாட்டிலின் நடுப்பகுதி சூடேற, 200 மில்லி பாட்டிலைவிட வெகுநேரம் ஆகும். பட்டை நிறம் மாறிவிட்டதே என்று வாதாடாதீர்கள், ஆட்டோகிளேவ் டேப் சூடு பட்டதைத்தான் சொல்லும், கிருமி செத்ததைச் சொல்லாது. அதற்கு ஜியோபேசில்லஸ் வித்துப் பட்டை இருக்கிறது, மாதம் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மேற்பரப்பில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறியிருந்தால் காற்று. நீங்கள் இழுத்த கோட்டின் மேலேயே இருந்தால் உங்கள் மூலக் கல்ச்சரே கலப்படம். விளிம்பிலிருந்து உள்ளே ஊர்ந்து வந்தால் மூடியில் கோர்த்த தண்ணீர். மீடியாவைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் மூடியில் வியர்க்கும். அந்தத் துளி உள்ளேயும் வெளியேயும் பாலம் போடும். பாட்டிலைக் கன்னத்தில் வைத்தால் பொறுக்கிற சூட்டுக்கு, ஏறத்தாழ 50 டிகிரிக்கு, ஆறவிட்டு ஊற்றுங்கள். உறைந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

வழுவழுவென்று, பசைபோல, நாற்றத்தோடு பரவினால் பாக்டீரியா. மீடியாவில் குளோராம்ஃபெனிகால் சேருங்கள், அது ஆட்டோகிளேவ் சூட்டைத் தாங்கும். ஆம்பிசிலின் தாங்காது, ஆறிய பிறகு வடிகட்டிக் கலக்க வேண்டும். ரோஸ் பெங்கால் போட்ட மீடியா என்றால் பிளேட்டை இருட்டில் வையுங்கள். வெளிச்சம் பட்டால் அந்தச் சாயம் பூஞ்சைக்கே நஞ்சாகிவிடும், பிறகு "எதுவுமே வளரவில்லை" என்று இன்னொரு அறிகுறிக்குப் போய்விடுவீர்கள்.

புள்ளிக்கோலம் போட்ட மாதிரி காலனிகள் வரிசையாக நடந்து போனால்

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் இது ஒரு பிளேட்டோடு நிற்காது.

பூஞ்சை மேசைத் தங்கை ஒருத்தி கறிவேப்பிலைக்குள் வாழும் பூஞ்சைகளைப் பிரித்தெடுத்துக்கொண்டிருந்தாள். இலை, வீவக (அரசு அடுக்குமாடி) தாழ்வாரத்தில் அவள் அம்மா வளர்க்கும் தொட்டியிலிருந்து. இரண்டு வாரம் கழித்து, தொடவே தொடாத ஃபியூசேரியம் பிளேட்டில் சின்னச் சின்னப் புள்ளிகள், யாரோ பேனா முனையால் வைத்துக்கொண்டே நடந்த மாதிரி, வளைந்து வளைந்து ஒரு வரி. "அண்ணே, கை நடுங்கிடுச்சு போல" என்றாள். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வரியின் முடிவில், உப்புத்தூள் அளவில், பளபளவென்று ஒன்று காலை அசைத்தது. சிற்றுண்ணி. வயிற்றிலும் காலிலும் வித்துகளை ஒட்டிக்கொண்டு, பிளேட் விட்டுப் பிளேட் தாவுகிற வகை.

பாராஃபிலிம் (இழுபடும் மெழுகுத்தாள்) சுற்றியிருந்தால் வராது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள், மடிப்பில் இருக்கும் நூலிழை இடைவெளி அதற்குப் போதும். செய்ய வேண்டியது: வரி தெரிந்த பிளேட்டுகளைத் திறக்காமலே பையில் போட்டு ஆட்டோகிளேவில் ஏற்றுங்கள். விடவே முடியாத கல்ச்சர் என்றால் மைனஸ் 20 டிகிரியில் இரண்டு மூன்று நாள் வைத்தால் உண்ணி சாகும், பெரும்பாலான பூஞ்சை பிழைக்கும். பிறகு புதுப் பிளேட்டுக்கு மாற்றுங்கள். இன்குபேட்டர் தட்டுகளைக் கழற்றி 70 விழுக்காடு எத்தனாலால் துடையுங்கள். இலை, மண், சந்தையில் வாங்கிய காளான் எதுவாக இருந்தாலும் முதல் ஒரு வாரம் தனி டப்பாவில், தனி அலமாரியில்.

இலை மேல்பரப்பைச் சுத்தம் செய்யும்போது எத்தனால் ஒரு நிமிடம், சோடியம் ஹைப்போகுளோரைட் 1 முதல் 2 விழுக்காட்டில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு மூன்று முறை கிருமி நீக்கிய தண்ணீரில் அலசல் என்பது வழக்கம். மூன்றாவது அலசல் தண்ணீரில் ஒரு சொட்டைத் தனிப் பிளேட்டில் விடுங்கள். அதில் ஏதாவது முளைத்தால் இலைக்குள்ளிருந்து வந்தது என்று நீங்கள் நினைக்கும் பூஞ்சை இலைமேல் இருந்ததாகவோ தண்ணீரில் இருந்ததாகவோ இருக்கலாம்.

அகார் உறையவில்லை

புளிப்பேற்றிய பிடிஏ (உருளைக்கிழங்கும் சர்க்கரையும் போட்ட அகார்) தயாரிக்கிறீர்களா? டார்ட்டாரிக் அமிலத்தைச் சேர்த்துவிட்டு ஆட்டோகிளேவ் செய்திருப்பீர்கள். அமிலமும் சூடும் சேர்ந்தால் அகார் சிதைந்து கூழாகும். ஆட்டோகிளேவ் முடிந்து ஆறிய பிறகுதான் அமிலம். அகார்-அகார் என்பதே இந்தப் பக்கத்து மலாய்ச் சொல். தீபாவளிக்கு இங்கே கலர் கலராக அகார் செய்கிற எந்த அக்காவைக் கேட்டாலும் எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிவார். 1880களில் ஜெர்மனியில் ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண்மணிதான் சமையலறையிலிருந்து அகாரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார், ஜெலட்டின் கோடையில் உருகி ஓடியதால்.

வெள்ளையாகவே வளர்கிறது, வித்து விடவில்லை

பெரும்பாலும் வெளிச்சக் குறை. இன்குபேட்டர் இருட்டிலேயே வைத்திருந்தால் ஃபியூசேரியம், ஆல்டர்நேரியா போன்றவை பஞ்சாக மட்டும் வளரும். 12 மணி நேரம் வெளிச்சம், 12 மணி நேரம் இருட்டு, முடிந்தால் பிளாக்லைட் குழாய். பிடிஏயில் சத்து அதிகம் என்பதும் ஒரு காரணம். பஞ்சத்தில்தான் பூஞ்சை வித்து விட அவசரப்படும்.

ஒரே காலனியில் கேக் வெட்டிய மாதிரி வேறு நிறத் துண்டு தெரிந்தால் அது கலப்படம் என்று முடிவு கட்ட வேண்டாம். திரும்பத் திரும்பப் பிடிஏயில் மாற்றி மாற்றி வளர்த்ததில் கல்ச்சர் சோம்பேறியாகியிருக்கலாம். பழைய சேமிப்பிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். சேமிப்பே இல்லை என்றால் இனிமேலாவது, அகார் துண்டுகளைக் கிருமி நீக்கிய தண்ணீர்க் குப்பியில் போட்டு மூடி வையுங்கள். இலங்கையில் பல வருடம் இருந்த இத்தாலிய மருத்துவர் ஆல்டோ காஸ்டெல்லானி 1939இல் சொன்ன முறை, குளிர்பெட்டி இல்லாமலும் வருடக்கணக்கில் தாங்கும்.

சிவப்பு நிறம் அகாருக்குள் கசிகிறது

நிறுத்துங்கள். மூடியைத் திறக்காதீர்கள், முகர்ந்து பார்க்காதீர்கள். சிவப்புச் சாயம் விடும் பூஞ்சைகளில் பெரும்பாலானவை அப்பாவிகள்தான். ஆனால் 1956இல் வியட்நாமில் மூங்கில் எலியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட தாலரோமைசிஸ் மார்னெஃபியும் 25 டிகிரியில் இப்படித்தான் இருக்கும். தென்கிழக்கு ஆசியாவில் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களின் உயிரை எடுக்கும் பூஞ்சை அது. மண்ணிலிருந்தோ விலங்கிலிருந்தோ எடுத்த மாதிரி என்றால் பிளேட்டை டேப் போட்டு ஒட்டி, உயிரியல் பாதுகாப்பு அதிகாரியிடம் சொல்லிவிட்டு மறுவேலை பாருங்கள். நேரே முகத்துக்குக் காற்றடிக்கிற கிடைமட்ட ஹூட்டில் இதைத் திறந்தவர்கள் கதையை இன்னொரு நாள் சொல்கிறேன்.

மீட்டர் 18.2 காட்டுகிறது, ஆனால் தண்ணீர்ப் பிளேட்டில் இளஞ்சிவப்பு

இந்த ஒரு அறிகுறிதான் எங்களை ஏழு வாரம் அலைய விட்டது.

"அண்ணே, சிப் திங்கக்கெழம மட்டும் நகருது" என்று ஒளி மேசைத் தம்பி வந்து நின்றார். சிப்பில் ஒரு குட்டி வளையம் இருக்கிறது. ஒளி அதில் சுற்றும்போது குறிப்பிட்ட ஒரு அலைநீளத்தில் மட்டும் சிக்கிக்கொள்ளும். வளையத்தின் மேல் ஏதாவது வந்து ஒட்டினால் அந்த அலைநீளம் நீளும் பக்கம் நகரும். வெறும் சுத்தநீரை ஓட்டும்போது அசையாமல் நிற்க வேண்டிய கோடு, திங்கட்கிழமைகளில் மட்டும் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. லேசர் மாற்றினார், பம்ப் மாற்றினார், சிப்பே மாற்றினார். நான் தண்ணீர் மெஷினின் மின்தடை மீட்டரைப் பார்த்தேன்: 18.2 மெகாஓம்-செ.மீ. தண்ணீர் எட்டக்கூடிய உச்சத் தூய்மை. "தண்ணிய விடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது.

அந்த எண் தண்ணீரில் உப்பு அயனி இல்லை என்று மட்டும்தான் சொல்லும். பாக்டீரியாவும் ஈஸ்டும் மின்சாரத்துக்கு அயனி கொடுப்பதில்லை. ஆயிரக்கணக்கில் நீந்தினாலும் மீட்டர் சிரித்துக்கொண்டே 18.2 காட்டும். அதோடு, மீட்டர் இருப்பது மெஷினுக்குள்ளே. தண்ணீர் நம் கைக்கு வருவது அதற்கு வெகு தூரம் தள்ளி. கடைசியில் பூஞ்சை மேசைத் தங்கைதான் கேட்டாள்: "அந்தக் கொழாய் எப்ப மாத்தினது?"

குழாய் நுனியில் 0.2 மைக்ரான் வடிகட்டி இருந்தது. அதற்குக் கீழே, 20 லிட்டர் கேன் வாய்க்கு எட்டட்டும் என்று யாரோ அரை மீட்டர் சிலிக்கோன் குழாயை மாட்டியிருந்தார்கள். வடிகட்டியைத் தாண்டிய அந்தக் குழாயில் சனி ஞாயிறு முழுக்கத் தண்ணீர் தேங்கி நின்றிருக்கிறது. கழற்றி வெட்டி, உள்சுவரை விரலால் தடவினேன். தயிர் ஏடு போல ஒரு வழுக்கல், வெளிச்சத்தில் லேசான ரோஸ் நிறம். தண்ணீர்ப் பிளேட்டில் ஐந்தாம் நாள் இளஞ்சிவப்பு ஈஸ்டும், பளபளக்கும் பாக்டீரியாவும். திங்கட்கிழமை முதல் லிட்டர் அதையெல்லாம் உரித்துக்கொண்டு சிப்புக்கு வந்திருக்கிறது. செவ்வாய்க்குள் கழுவிப் போய்விடும்.

தீர்வு சின்னதுதான். வடிகட்டிக்குப் பிறகு எதுவும் மாட்டாதீர்கள். கேனில் பிடித்துவைத்த தண்ணீரை "சுத்தநீர்" என்று கூப்பிடாதீர்கள். வார இறுதிக்குப் பிறகு முதல் சில லிட்டரைக் கொட்டிவிடுங்கள், கஞ்சத்தனம் வேண்டாம். மெஷினில் தானாகச் சுற்றவிடும் வசதி இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை அணைக்காதீர்கள். குழாய் நுனியில் கறுப்புப் பிசுக்கு தெரிந்தால், துடைத்துவிட்டு விடாமல், வடிகட்டியையே மாற்றி மெஷினுக்கு உரிய கிருமிநீக்கச் சுழற்சியை ஓட்டுங்கள்.

மீட்டர் 18.2ஐ விட்டு இறங்குகிறது

பீக்கரில் பிடித்துவைத்து, கையடக்க மீட்டரால் அளந்தீர்களா? அப்படியென்றால் கோளாறே இல்லை. காற்றிலிருக்கும் கார்பன் டைஆக்சைடு கரைந்து சில நிமிடங்களிலேயே இறங்கத் தொடங்கி, கடைசியில் 1 மெகாஓம் பக்கம் வந்து நிற்கும், பிஎச்சும் 5.6 பக்கம் போகும்.

மெஷினே 14 காட்டினால், வெப்பநிலைத் திருத்தம் அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 18.2 என்பது 25 டிகிரிக்கான எண். 30 டிகிரியில் அதே அப்பழுக்கற்ற தண்ணீர் 14.1தான் காட்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் 25 டிகிரியில் வருவதே அபூர்வம்.

திருத்தம் ஓடியும் இறங்கினால் ஆர்ஓவுக்கு (அழுத்தத்தில் உப்பை வடிக்கும் மெம்பரேனுக்கு) முன்னும் பின்னும் தண்ணீரின் மின் கடத்துதிறனை அளந்து கழித்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, உள்ளே 250, வெளியே 5 என்றால் 98 விழுக்காடு உப்பைத் தடுக்கிறது, நல்ல மெம்பரேன். வெளியே 25 என்றால் 90 விழுக்காடு. பின்னால் மிச்ச அயனிகளைப் பிடிக்கும் ரெசின் ஐந்து மடங்கு வேகத்தில் தீரும். ரெசினை மாற்றிக்கொண்டே இருப்பது ஓட்டை வாளியில் இறைக்கிற வேலை.

மெம்பரேன் ஏன் கெட்டது? தண்ணீர் வரத்தைப் பாருங்கள். வரத்து குறைந்து தடுப்பும் குறைந்தால் அழுக்கோ உப்புப் படிவோ. வரத்து கூடி, தடுப்பு குறைந்தால் மெம்பரேன் ரசாயனத்தால் அரிக்கப்பட்டிருக்கிறது, முன்னால் குளோரினைப் பிடிக்க வைத்திருக்கும் கார்பன் வடிகட்டி தன் வேலையைச் செய்யவில்லை. இங்கே பொதுப் பயனீட்டுக் கழகம் அனுப்பும் குழாய்த் தண்ணீரில் குளோராமின் இருக்கும். மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், ஒரு இரவு வாளியில் வைத்தால் அது போகாது. கார்பனிலும் வெறும் குளோரினைவிட மெதுவாகத்தான் பிடிபடும். வேறு ஊரில் வாங்கிய மெஷினின் கையேட்டில் "ஆறு மாதம்" என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல், கார்பனுக்குப் பின்னால் மொத்த குளோரின் சோதனைத் தாளை நனைத்துப் பாருங்கள். மொத்த குளோரின் தாளாக இருக்க வேண்டும், தனிக் குளோரின் தாள் குளோராமினைக் காட்டாது.

இங்கே தண்ணீர் நான்கு வழியில் வருகிறது: உள்ளூர் நீர்த்தேக்கம், மலேசியாவின் ஜொகூர், 2003இல் வந்த புதுநீர் (சுத்திகரித்த கழிவுநீர்), உப்பு நீக்கிய கடல்நீர். வறட்சி நாள்களில் புதுநீரை நீர்த்தேக்கங்களில் கலப்பார்கள். எனவே உள்ளே வரும் கடத்துதிறன் மாதத்துக்கு மாதம் மாறினால் பதற வேண்டாம். விழுக்காடு மாறினால்தான் பதற வேண்டும்.

தண்ணீர் ஊற்றியதும் ஒளி காணாமல் போகிறது

1550 நானோமீட்டர் லேசரா? தண்ணீர் அந்த அலைநீளத்தை உறிஞ்சிக் குடிக்கும். ஒரு சென்டிமீட்டர் தண்ணீரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அலைநடத்தியில் ஒளியின் ஓரம் மட்டும்தான் வெளியே நீட்டிக்கொண்டு தண்ணீரைத் தொடுகிறது, அதனால் அவ்வளவு மோசமாகாது. ஆனால் திறந்திருக்கும் நீளம் கூடக் கூட இழப்பும் கூடும். திறப்பைச் சுருக்குங்கள், அல்லது 1310க்கு மாறுங்கள். சிலிக்கன் நைட்ரைடு சிப் என்றால் 850க்கே போகலாம், அங்கே தண்ணீர் கிட்டத்தட்டக் கண்ணாடி. சிலிக்கன் சிப்பில் 850 ஓடாது, சிலிக்கனே அதை விழுங்கிவிடும்.

ஒளி போனதா என்று பார்க்க ஃபைபர் நுனியைக் கண்ணருகே கொண்டுபோகிறவர்கள் உண்டு. 1550 கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அது அங்கே இல்லை என்று அர்த்தமில்லை. அந்த ஒளி பட்டால் மின்னும் ஐஆர் அட்டையைப் பயன்படுத்துங்கள்.

திடீரென்று படிக்கட்டுபோல் குதித்தால் குமிழி. தண்ணீரைக் காற்று நீக்கி ஓட்டுங்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்த பாட்டிலை நேரே மாட்டாதீர்கள், சூடேறும்போது கரைந்த காற்று வெளியே வரும்.

தண்ணீரே ஊற்றவில்லை, இருந்தும் காலையில் ஒளி பாதிதான்

கட்டட ஏர்கான் இரவில் நிற்கிறதா என்று கேளுங்கள். இது எங்களுக்கு வருடத்தில் நான்கைந்து முறை நடக்கும், பெரும்பாலும் நீண்ட வார இறுதிக்குப் பிறகு.

சிப்பை 20 டிகிரியில் நிறுத்தி வைத்திருப்பார்கள். வார நாளில் அறை 23 டிகிரி, ஈரப்பதம் 55 விழுக்காடு; பனி கோர்க்கும் வெப்பநிலை 14 டிகிரி பக்கம், பிரச்சினை இல்லை. திங்கள் காலை அறை 26 டிகிரி, ஈரப்பதம் 80. இப்போது பனி கோர்ப்பது 22 டிகிரியில். 20 டிகிரி சிப் குளிர்ந்த தேநீர் டம்ளர் மாதிரி வியர்க்கும். மனக்கணக்கு சுலபம்: 100இலிருந்து ஈரப்பதத்தைக் கழித்து ஐந்தால் வகுத்து, அதை அறை வெப்பத்திலிருந்து கழியுங்கள். ஈரப்பதம் 50க்கு மேல் இருக்கும்வரை போதுமான அளவு சரியாக வரும்.

சிப்பை 28 டிகிரியில் நிறுத்துங்கள். குளிர்விப்பதைவிடக் கொஞ்சம் சூடாக வைப்பதே இந்த ஊருக்கு ஏற்றது. ஏற்கெனவே வியர்த்துக் காய்ந்திருந்தால் விளிம்பில் வெள்ளை வட்டம் தெரியும். புதிதாகப் பிடித்த சுத்தநீர், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், பிறகு நைட்ரஜன் ஊதல். சுத்தநீரில் கழுவியும் வட்டம் வருகிறதென்றால் ரெசின் தீரப்போகிறது: சிலிக்கா மிகக் குறைவாகவே அயனியாவதால் மீட்டர் இறங்குவதற்கு முன்பே அது நழுவி வெளியே வந்துவிடும். எங்கள் தண்ணீர் மேசைக்காரர்கள் ரெசின் மாற்றும் நாளை இப்போது சிப் விளிம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

கோடு முழுக்கச் சீரான அலை

அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போகும்போது வளையம் ஒளியைப் பிடித்துக்கொள்ளும் குழிகளுக்கு நடுவே சீரான ஏற்ற இறக்கம் தெரிந்தால், ஒளி இரண்டு பரப்புகளுக்கு நடுவே எதிரொலிக்கிறது. எந்த இரண்டு என்பதை அலையே சொல்லும். இரண்டு முகடுகளுக்கு இடைப்பட்ட அலைநீளத்தை அளங்கள். அது, அலைநீளத்தின் வர்க்கத்தை, குழுக் குறியெண்ணையும் (ஒளித்துடிப்பு வெற்றிடத்தைவிட எத்தனை மடங்கு மெதுவாகப் போகிறது என்ற எண்) நீளத்தையும் பெருக்கி வந்ததன் இரு மடங்கால் வகுத்தால் வரும் எண். 5 மில்லிமீட்டர் சிலிக்கன் சிப்புக்கு, குழுக் குறியெண் 4.2 என்று வைத்தால், 1550இல் 0.057 நானோமீட்டர். அந்த எண்ணே வந்தால் சிப்பின் இரு விளிம்புகள்தான் கண்ணாடியாக நிற்கின்றன; ஃபைபர் நுனிக்கும் சிப்புக்கும் நடுவே குறியெண் பொருத்தும் ஜெல் ஒரு பொட்டு வையுங்கள். பல மடங்கு அகலமான அலை என்றால் குறுகிய இடைவெளி, அதாவது ஃபைபர் நுனிக்கும் விளிம்புக்கும் இடையே உள்ள காற்று.

ஃபைபரைத் தொட்டாலே சக்தி மாறினால் துருவநிலை (ஒளி அதிரும் திசை). ஃபைபரை டேப் போட்டு மேசையில் ஒட்டுங்கள், துருவநிலைத் துடுப்புகளைத் திருப்பி உச்சத்தில் நிறுத்துங்கள். மேலே சொன்ன எதையும் இதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

வளையத்தின் கோடு மெல்ல ஏறுகிறது

வெப்பமா, ஒட்டியதா? சிலிக்கன் வளையம் ஒரு டிகிரிக்கு 0.07 முதல் 0.08 நானோமீட்டர் நகரும். வித்து ஒட்டியதால் வரும் நகர்வு அதைவிட மிகச் சிறியதாகவே இருக்கும், எனவே கதவைத் திறந்து மூடினாலும் கண்டுபிடிப்பு போலத் தெரியும். சிப்பில் மேல்பூச்சு மூடிய வளையம் ஒன்று இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஏறினால் வெப்பம். திறந்த வளையம் மட்டும் ஏறினால் ஏதோ ஒட்டுகிறது, அந்தக் "ஏதோ" உங்கள் மாதிரியிலிருந்து வந்ததா, குழாயிலிருந்து வந்ததா என்று தண்ணீர்ப் பிளேட்டிடம் கேளுங்கள்.

பார்க்கும் லென்ஸே மங்கல்

துடைத்தும் போகாத, சிலந்தி வலை மாதிரி கிளை பிரிந்த மங்கல் தெரிந்தால் லென்ஸுக்குள் பூஞ்சை. மேல்பூச்சை அது அரித்திருந்தால் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. லென்ஸ்கள் 40 முதல் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் டிரை கேபினட்டில் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டதை மற்ற லென்ஸ்களோடு அதே கேபினட்டில் வைக்காமல், சிலிக்கா ஜெல் போட்ட தனி டப்பாவில் வைத்துச் சுத்தம் செய்யக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் சன்னலோர மேசையிலிருந்து ஒருத்தி பஞ்சுக்குச்சியோடு வருவாள், துடைத்தெடுத்துப் பிளேட்டில் போட. ஐந்து நிமிடம் காத்திருங்கள்.